நடுக்கடலில் நாடி பிடிப்பது யார்?



"கப்பல்ல வேலை கிடைச்சா நல்லதுதான். ஆனா நடுக்கடல்ல காய்ச்சல் வந்தா, உனக்கு யாருடா ஒரு கஷாயம் வச்சுக் கொடுப்பா?"

சொகுசுக் கப்பல் வேலைக்கு மனுப் போடப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்ததுமே அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சம்பளம் எவ்வளவு என்பதை அப்பா கேட்பார். உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார் என்பதை அம்மாதான் கேட்பாள். நாமும், "அதெல்லாம் டாக்டர் இருப்பாரும்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நழுவிவிடுகிறோம். உண்மையில் நமக்கே அதற்கு மேல் ஒன்றும் தெரியாது!

கேட்டரிங், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், ஏ.சி. - ரெஃப்ரிஜரேஷன் என்று டிப்ளமோ முடித்தவர்கள் பலருக்குக் கப்பல் ஒரு கனவு. போகிறவர் போகட்டும், போகாதவரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை. அம்மாவின் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று கண்டுபிடிப்போம், வாருங்கள்.

மிதக்கும் ஊர்

முதலில் ஒன்றை மனதில் பதிய வையுங்கள். சொகுசுக் கப்பல் என்பது ஓட்டல் மட்டும் அல்ல, ஓர் ஊர். பெரிய கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பயணிகள். அவர்களுக்குச் சேவை செய்ய ஆயிரத்துக்கு மேல் ஊழியர்கள். நம்ம பக்கத்து நடுத்தரக் கிராமத்தையே தூக்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்து, தண்ணீரில் மிதக்க விட்டது போல. அந்த ஊரில் குடிதண்ணீர் உண்டு, சாக்கடை உண்டு, சமையல்கட்டு உண்டு, மின்சாரம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை. பக்கத்து ஊர்!

கரையில் நமக்குக் காய்ச்சல் என்றால் தெருமுனை டாக்டர். அவர் கைவிரித்தால் தாலுகா ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே ஜி.எச். கப்பலில் இந்த ஏணி கிடையாது. உள்ளே இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். முடியாவிட்டால் கரைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கப்பல் வைத்தியத்தின் முழுத் தத்துவமும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கம்.

கப்பலுக்குள் ஓர் ஆஸ்பத்திரி

டாக்டர் இருப்பாரா? இருப்பார். இது கம்பெனியின் தயவு அல்ல, சட்டம். கப்பல் தொழிலாளருக்காக 2006-ல் உருவான சர்வதேச ஒப்பந்தம் ஒன்று உண்டு. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்று பெயர்; எம்.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2013 ஆகஸ்டு 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015-ல் இதை ஏற்றுக்கொண்டது. நூறு பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் ஒருவர் கண்டிப்பாக இருந்தாக வேண்டும் என்கிறது அது.

சாதாரண சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். அங்கே டாக்டர் கிடையாது. மருத்துவப் பயிற்சி பெற்ற ஆபீஸர் ஒருவர்தான் ஊசி போடுவார், மருந்து கொடுப்பார். அவருக்குச் சந்தேகம் வந்தால் கரையில் இருக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். இப்படி இலவசமாக யோசனை சொல்வதற்கென்றே ரோம் நகரில் 1935-லிருந்து ஒரு மையம் இயங்குகிறது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? கம்பியில்லாத் தந்தி மார்க்கோனி!

சொகுசுக் கப்பலில் நிலைமை இன்னும் மேல். அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி என்ற அமைப்பு கப்பல் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டு விதிகள் வகுத்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி, ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை, தீவிர சிகிச்சைக்கு ஓர் இடம், தொற்று நோயாளியைத் தனியே வைக்க ஏற்பாடு, 24 மணி நேரமும் கூப்பிட்டால் வரும் டாக்டர் - நர்ஸ் இவை வேண்டும். ஈ.சி.ஜி., நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர், மூச்சுக் கருவி, ரத்தப் பரிசோதனைச் சாதனம் எல்லாம் வைத்திருப்பார்கள். பல கப்பல்களில் எக்ஸ்ரேயும் உண்டு. ஆஸ்பத்திரி பெரும்பாலும் கீழ்த் தளங்களில் இருக்கும். அங்கே ஆட்டம் குறைவு. ஸ்ட்ரெச்சரை வெளியே இறக்கும் வாசலும் பக்கம்.

திடீரென்று ஒலிபெருக்கியில் "ஆல்ஃபா, ஆல்ஃபா" என்று குரல் வந்தால், பல கப்பல்களில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: யாருக்கோ மருத்துவ அவசரம். டாக்டர் குழு பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். நாம் செய்ய வேண்டியது வழிவிடுவது.

என்ன இருக்காது? பெரிய ஆபரேஷன் தியேட்டர் இருக்காது. ஸ்கேன் எடுக்கும் ராட்சத யந்திரங்கள் இருக்காது. ரத்த வங்கி பொதுவாக இருக்காது. அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால், கப்பலில் இருப்பவர்களிடமே தானம் கேட்டு ஏற்றிய சம்பவங்கள் உண்டு. மாரடைப்பு என்றால் நோயாளியை நிலைப்படுத்தி, கரைக்குக் கொண்டு சேர்க்கும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் கப்பல் டாக்டரின் வேலை.

வயிற்றைப் புரட்டும் ஆட்டம்

கப்பல் என்றதும் எல்லாரும் பயப்படுவது கடல் மயக்கத்துக்குத்தான். இது நோயே அல்ல. மூளைக்கு வரும் குழப்பம். 'அறை அசையவில்லை' என்று கண் சொல்கிறது. 'ஆடுகிறதே!' என்று உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட, நீதிபதியான மூளை தடுமாறுகிறது, தண்டனை வயிற்றுக்கு!

வைத்தியமும் சுலபம். மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. ஊஞ்சலின் நடுவே உட்காருவதற்கும் ஓரத்தில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதைவிட முன்பே போட்டால்தான் பலன். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மெஷின் பக்கத்தில் வேலை செய்கிறவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடவும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

தானே போய்விடும் இந்த மயக்கத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது, ஆள்விட்டு ஆள் தாவுவதற்குத்தான்.

கைகுலுக்கி வரும் விருந்தாளி

அதில் முதல் பரிசு பெறுவது நோரோ வைரஸ். 1968-ல் அமெரிக்காவில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றில் பரவிய வாந்திபேதியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டதால் இந்தப் பெயர். உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலோர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். வயதானவர்கள், குழந்தைகள் பாடுதான் சிரமம். உடம்பில் நீர் வற்றிவிடும்.

இதன் பலம் அதன் கஞ்சத்தனத்தில் இருக்கிறது. நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே போதும், ஆளைச் சாய்த்துவிடும். படிக்கட்டுக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், பஃபேயில் நூறு பேர் பிடிக்கும் ஒரே கரண்டி... ஒருவர் கையிலிருந்து ஊருக்கே போய்விடும். நாம் பெரிதாக நம்பிப் பூசிக்கொள்ளும் ஆல்கஹால் ஜெல்லுக்கு இது அவ்வளவாக மசிவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும், இருபது விநாடி தேய்ப்பும்தான் மருந்து. தரையையும் கைப்பிடியையும் குளோரின் கலந்த நீரால் துடைக்க வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சொகுசுக் கப்பல்களுக்காக அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 1975-ல் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதன் விதிகள் நம்ம செமஸ்டர் விதிகளைவிடக் கடுமை! நூறு மதிப்பெண்ணுக்கு ஆய்வு. 86 வாங்கினால்தான் பாஸ். துறைமுகத்துக்கு வருவதற்கு 24 முதல் 36 மணி நேரம் முன்பே, கப்பலில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கணக்கு அனுப்ப வேண்டும். பயணிகளிலோ ஊழியர்களிலோ 2 சதவீதம் பேர் படுத்தால் தனி அறிக்கை. 3 சதவீதத்தைத் தொட்டால் பொதுமக்கள் பார்வைக்கே வந்துவிடும். மூவாயிரம் பயணிகள் என்றால் தொண்ணூறு பேர்.

இதில் நமக்கு முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. உணவைத் தொடும் ஊழியருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அது முழுதாக நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் அவர் தனியே இருக்க வேண்டும். மற்ற ஊழியர்கள் என்றால் 24 மணி நேரம். "இப்ப நல்லாயிட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்க முடியாது. ஏனென்றால், வாந்தி நின்ற பிறகும் வைரஸ் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும்.

அப்படியிருந்தும் ஏன் பரவுகிறது? இரண்டு பேர் மறைக்கிறார்கள். ஒருவர் பயணி: 'காசு கொடுத்து வந்தேன், அறையில் பூட்டிடுவாங்க' என்று. மற்றவர் ஊழியர்: 'ரெண்டு நாள் படுத்தா டிப்ஸ் போயிடும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார்' என்று. டிப்ஸை நம்பி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு அந்த பயம் சின்னது அல்ல. ஆனால் அவன் ஒருவன் மறைத்த வாந்தி, நாலு நாளில் நூறு பேரின் வாந்தியாகி, அதைத் துடைக்கிற வேலையும் அவன் தோழர்கள் தலையில்தான் விழுகிறது.

இது நம்ம டிபார்ட்மெண்ட்!

மெக்கானிக்கல் நண்பர்கள், 'இதெல்லாம் டாக்டர் சமாச்சாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். அடுத்தது உங்களுக்கே உங்களுக்கு.

1994-ல் நியூயார்க்கிலிருந்து பெர்முடா தீவுக்குப் போய்வந்த ஒரு கப்பல். ஊர் திரும்பிய பயணிகள் சிலருக்குக் கடுமையான நிமோனியா. ஒருவர் ஒரு ஊரில், இன்னொருவர் வேறொரு ஊரில் படுத்ததால், எல்லாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பது உடனே யாருக்கும் புலப்படவில்லை. கண்டுபிடிப்பதற்குள் ஒன்பது பயணங்கள் முடிந்துவிட்டன. மொத்தம் ஐம்பது பேர். நோய், லெஜியோனேர்ஸ். 1976-ல் பிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதால் அப்படிப் பெயர். கிருமி எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? சுடுநீர்ச் சுழல் தொட்டியின் மணல் ஃபில்டரில்!

லெஜியோனெல்லா கிருமிக்கு வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீர் சொர்க்கம். குடித்து வருவதல்ல இந்நோய்; ஷவரிலும் சுழல் தொட்டியிலும் கிளம்பும் நுண்ணிய நீர்த்துளியைச் சுவாசித்து வருவது. ஆகவே, பைப் லைனில் தண்ணீர் ஓடாமல் நிற்கும் 'டெட் லெக்' எங்கே இருக்கிறது, வெந்நீர் போதுமான சூட்டில் சுற்றுகிறதா, ஃபில்டரைக் கழுவினார்களா என்று பார்க்கிற ஃபிட்டர்தான் அங்கே டாக்டர்!

குடிநீரும் அப்படியே. கப்பல் தன் தண்ணீரைக் கடல்நீரைக் காய்ச்சியோ, ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் முறையிலோ தானே தயாரித்துக்கொள்ளும். அல்லது துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளும். ஏற்றும்போது குளோரின் குறைந்தது 2 பி.பி.எம். இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கடைசிக் குழாயைத் திறந்தால்கூட 0.2 பி.பி.எம். மிச்சம் இருக்க வேண்டும். 5-க்கு மேல் போகவும் கூடாது. லேபில் நாம் தூங்கி வழிந்துகொண்டே பார்த்த டைட்ரேஷனுக்கு அங்கே நாலாயிரம் வயிறுகள் சாட்சி. சமையல்கட்டில் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றால், அதைக் காப்பாற்றுவது ஏ.சி. மெக்கானிக். கப்பலின் ஆரோக்கியத்தில் பாதி, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கையில். மீதி, பாய்லர் சூட் போட்டவர் கையில்.

டாக்டர் கையை மீறினால்?

குடல்வால் அழற்சி, மாரடைப்பு, பக்கவாதம், விபத்து. கப்பலில் வைத்து முடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னால் கேப்டன் முன்னால் மூன்று வழிகள். வேகத்தைக் கூட்டி அடுத்த துறைமுகத்துக்குப் போவது. பாதையை மாற்றி அருகில் உள்ள துறைமுகத்துக்குத் திருப்புவது. கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவது.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும் காட்சியைச் சினிமாவில் பார்த்துவிட்டு, போன் பண்ணியதும் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஹெலிகாப்டருக்கும் டேங்க் உண்டு. கரையிலிருந்து போய்த் திரும்புகிற தூரத்துக்குள் கப்பல் இருந்தால்தான் வரும். அதுவரை கப்பல் கரையை நோக்கி ஓட வேண்டும். காற்றும் இருட்டும் ஒத்துழைக்க வேண்டும். கயிற்றில் கூடையை இறக்கி, ஆடும் தளத்திலிருந்து நோயாளியைத் தூக்குவது அவருக்கும் ஆபத்து, தூக்குகிறவருக்கும் ஆபத்து. அதனால் டாக்டர், கேப்டன், காவல்படை மூவரும் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். நம் கடல் பகுதியில் இந்த வேலையை ஒருங்கிணைக்க மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையங்கள் இருக்கின்றன. 1554 அவர்களுடைய அவசர எண்.

இதிலிருந்து தெரிவது: வயிற்றுவலி இன்று காலை சொன்னால் துறைமுகத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 'பார்த்துக்கலாம்' என்று விட்டு, கப்பல் கிளம்பி ஒரு நாள் கழித்துச் சொன்னால் ஹெலிகாப்டருக்கும் எட்டாது. நோய் அதேதான், சொன்ன நேரம்தான் வேறு.

யோகஹாமா சொன்ன பாடம்

கப்பலில் நோய் என்றால் கரை பயப்படுவது நேற்று இன்று வந்ததல்ல. 1377-ல் ராகுசா நகரம் (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் ஊரிலிருந்து வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பிறகு அது 40 நாளாயிற்று. இத்தாலியரின் 'நாற்பது' என்ற சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' பிறந்தது.

அந்தச் சொல்லை உலகமே மறுபடி மனப்பாடம் செய்தது 2020-ல். டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பல். ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்குக் கொரோனா என்று பின்னால் தெரிந்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி கப்பல் ஜப்பானின் யோகஹாமாவுக்கு வந்தபோது யாரையும் இறங்க விடவில்லை. 5-ஆம் தேதி முதல் தனிமை. உள்ளே 3,711 பேர். கடைசியில் 712 பேருக்குத் தொற்று. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணிகளை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சரி, அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு யார் கொண்டு போய்க் கொடுப்பது? ஊழியர்கள்! இருவர் இருவராக ஒரே அறையில் தங்கி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, கதவு கதவாகத் தட்டிச் சாப்பாடு கொடுத்தார்கள். பிப்ரவரி 9 வரை ஊழியர்களில் 20 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவுக்காரர்கள். 16 பேரின் அறைகள் ஒரே தளத்தில், மூன்றாம் தளத்தில் இருந்தன. பயணியின் அறைக்குக் கதவு போட்டவர்கள், ஊழியரின் மெஸ்ஸுக்குக் கதவு போட மறந்தார்கள்.

அந்தக் கப்பலில் இருந்த இந்தியர் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானத்தில் 119 இந்தியர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். கேப்டன் கடைசி ஆளாக இறங்கியது மார்ச் 1-ல்.

டெக் மேலே விளக்கு அலங்காரம் எவ்வளவு ஜொலித்தாலும், நோய் வரும்போது முதலில் முன்னே நிற்பது தட்டு ஏந்துகிறவன்தான். நம்மில் பலர் போய் நிற்கப் போகிற இடம் அது. ஆகவே நம் உரிமை என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

காசு யார் கட்டுவது?

பயணி என்றால் தன் செலவு. டாக்டர் பீஸ், மருந்து, ஊசி எல்லாம் அறைக் கணக்கில் ஏறிவிடும். கரைக்குத் தூக்கிப் போக நேர்ந்தால் பில் லட்சக்கணக்கில் வரும். அதனால்தான் பயணக் காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். தாத்தா பாட்டியைக் கப்பல் பார்க்க அனுப்புகிறவர்கள் கவனிக்க: தினசரி மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைக்கவும், பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகலாம். மருந்துச் சீட்டும், என்னென்ன நோய் என்ற குறிப்பும் கூடவே இருக்கட்டும்.

ஊழியர் என்றால் கதை வேறு. எம்.எல்.சி. ஒப்பந்தப்படி,

• கப்பலில் வைத்தியம் ஊழியருக்கு இலவசம்.
• துறைமுகத்தில் நிற்கும்போது, முடிந்த இடங்களில், கரையில் உள்ள டாக்டரையோ பல் டாக்டரையோ போய்ப் பார்க்க உரிமை உண்டு.
• நோயாளியாகக் கப்பலில் இருக்கும் வரை முழுச் சம்பளம்.
• உடம்பு முடியாமல் ஊருக்கு அனுப்பினால் பயணச் செலவு கப்பல் முதலாளியுடையது.
• ஊர் வந்த பிறகும் வைத்தியச் செலவும் சம்பளமும் உண்டு. நாடுகள் இதற்கு ஒரு வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு 16 வாரத்துக்குக் குறையக் கூடாது.
• 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, அல்லது 14 மணிக்கு மேல் வேலை இல்லை என்ற கணக்கு. ஓய்வில்லாத உடம்பில்தான் நோய் குடியேறும்.

கேட்க இனிப்பாக இருக்கிறதல்லவா? இதே ஒப்பந்தத்தில் ஒரு கசப்பான வரியும் உண்டு. வேலைக்குச் சேரும்போது இருந்த நோயை வேண்டுமென்றே மறைத்திருந்தால், முதலாளியின் பொறுப்பிலிருந்து அந்த நோயை விலக்கி வைக்க நாட்டுச் சட்டம் இடம் தரலாம்.

இங்கேதான் நண்பர்களே, நம் பையன்கள் வழுக்கி விழுகிறார்கள்.

கப்பலுக்குப் போகுமுன் மருத்துவச் சோதனை உண்டு. கண், நிறம் அறியும் திறன், காது, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே. அந்தச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ஓராண்டு. அந்தப் படிவத்தில் 'முன்பு வலிப்பு வந்ததா? ஆஸ்துமா உண்டா? காச நோய்க்கு மருந்து சாப்பிட்டீர்களா?' என்று வரிசையாகக் கேள்வி வரும். வரிசையாக 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. "சொன்னா அன்ஃபிட் போட்டுடுவாங்கடா!"

பயம் நியாயமானதுதான். கடன் வாங்கிக் கோர்ஸ் முடித்தவனுக்கு அந்த ஒரு முத்திரை வாழ்க்கைப் பிரச்சினை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கரையிலேயே சொன்னால், டாக்டர் ஆராய்ந்து, கட்டுக்குள் இருக்கிறது என்றால் தகுதி கொடுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. இல்லை என்றால் கரையில் வேறு வேலை தேடலாம். மறைத்துவிட்டுப் போனால்? இன்சுலின் போடுவதை அறைத்தோழனுக்குத் தெரியாமல் ஒளித்து, நேரம் தப்பி, என்ஜின் ரூம் சூட்டில் மயங்கி விழுந்தால் கப்பல் டாக்டருக்கு எதனால் விழுந்தான் என்றே தெரியாது. பிழைத்து எழுந்தாலும், 'மறைத்தாய்' என்ற ஒரு சொல்லில் வைத்தியப் பணம், சம்பளம் இரண்டுக்கும் வழக்காட வேண்டி வரும். அடைத்துப் போட்ட இருமல் காச நோயாக இருந்தால், கீழ் பெர்த்தில் படுத்திருக்கும் இன்னொரு தாயின் பிள்ளைக்கும் அதைப் பங்கு வைக்கிறோம். ஒரு வேலைக்காக அவ்வளவு பெரிய சூதாட்டம் வேண்டாம்.

கிளம்புமுன் கவனிக்க

1. மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள ஏஜென்சியா என்று பாருங்கள். வேலை வாங்கித் தர ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே எம்.எல்.சி. விதி. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டும் நம்முடையதாக இருக்கலாம்.
2. மருத்துவச் சோதனையை அரசு அங்கீகாரம் பெற்ற டாக்டரிடமே செய்யுங்கள். 'போகாமலே சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்' என்பவனை நம்பாதீர்கள்.
3. ஆப்பிரிக்க, தென் அமெரிக்கப் பாதை என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழிந்தால்தான் சான்று செல்லும். கடைசி நாளில் ஓடாதீர்கள்.
4. கடல் வேலைக்கான அடிப்படைப் பயிற்சி நான்கில் ஒன்று முதலுதவி. அதை சர்டிபிகேட்டுக்காக மட்டும் கற்காமல், கைக்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.
5. ஒப்பந்தத் தாளில் நோய், சம்பளம், ஊர் திரும்புதல் என்ற மூன்று பகுதிகளையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

அம்மாவுக்குப் பதில்

2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்துக்கு அந்தக் கனவு வந்துவிட்டது. ஆகவே அம்மாவின் கேள்வியும் இனி அடிக்கடி கேட்கும். இப்போது நாம் நழுவ வேண்டாம். உட்கார்ந்து பதில் சொல்லலாம்.

"அம்மா, அங்க டாக்டர் இருக்காரு. மருந்துக்குக் காசு கேட்க மாட்டாங்க. படுத்தா சம்பளம் உண்டு, ஊருக்கு அனுப்பற செலவும் அவங்களோடது. ஆனா கஷாயம் வச்சுக் கொடுக்க நீ இருக்க மாட்டே. முகத்தைப் பார்த்தே 'என்னடா உடம்புக்கு?'ன்னு கேட்கவும் அங்க ஆள் இல்லை. அதனால நானே வாயைத் திறந்து சொல்லிடுவேன்."

நாடி பிடிக்க ஆள் இருக்கிறார், நண்பர்களே. கையை நீட்ட வேண்டியது மட்டும் நாம்.